அமெரிக்க ரவை, மரக்காணத்து உப்பு

1960களின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு தலையணை உறை இருந்தது. அதில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். மேலே நட்சத்திரம், பின்னால் கோடுகள், கீழே இங்கிலீஷ் எழுத்து. பள்ளிக்கூடத்துக்குக் கோதுமை ரவை வந்த மூட்டையின் துணி அது. காலியான மூட்டையைச் சமையல் ஆயா என் அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். நான் அந்தக் கைகளின் மேல் கன்னம் வைத்துத்தான் தூங்குவேன். மிச்சத் துணியில் என் தம்பிக்கு ஒரு கால்சட்டை. ‘அமெரிக்க மக்களின் நன்கொடை, விற்கவோ மாற்றவோ கூடாது’ என்கிற வாசகம் சரியாக அவன் பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் ஆறாம் வகுப்புக்குப் போய் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு அதைப் படித்துக் காட்டினேன். அன்றோடு அவன் அதைப் போட மறுத்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் அந்நிய உதவியை முதன்முதலாக நிராகரித்தவன் அவன்தான்.

எங்கள் ஊர் பிரம்மதேசம் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது. சோழர் கோயில் பார்க்க வந்தேன் என்று கேமராவும் கையுமாக இறங்குகிறவர்களை, “அது எண்ணாயிரம் பக்கத்துல இருக்கிற பிரம்மதேசம் சார்” என்று திருப்பி அனுப்புவது எங்கள் டீக்கடைகளின் உபதொழில். செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று என்று தமிழ்நாட்டில் பிரம்மதேசங்களுக்குப் பஞ்சமே இல்லை. ராஜாக்கள் அந்தணர்களுக்கு எழுதிக்கொடுத்த ஊருக்குப் பிரமதேயம் என்று பெயர். அது ஜனங்கள் வாயில் உருண்டு உருண்டு பிரம்மதேசம் ஆனது என்பார்கள். ஆக, ஊரின் பேரே ஒரு நலத்திட்டம். பயனாளிகள் பட்டியலில் எங்கள் தெரு இல்லை என்பது வேறு விஷயம்.

ரவைக்கு வருகிறேன். காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது செலவில் ஒரு பங்கை ஊரும் போட வேண்டும் என்றிருந்தது. களத்தில் நெல் அளக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு மரக்கால் ஒதுக்கி வைத்ததாகப் பெரியப்பா சொல்வார். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்திய காலம் அது. பெஞ்சு கொடுத்தவர், மணி கொடுத்தவர், கரும்பலகை கொடுத்தவர் பெயரெல்லாம் ‘உபயம்’ என்ற சொல்லோடு அந்தந்தப் பொருளின் மேலேயே இருக்கும். 1961இல் கேர் என்ற அமெரிக்க அமைப்பு உள்ளே வந்தது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை ரவை, சோள மாவு எல்லாம் கப்பலேறி வந்தன. எங்கள் களத்தில் அந்த மரக்கால் மெல்ல நின்றுபோனது. ஏன் நின்றது என்று பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். “அமெரிக்காக்காரனே போடறான், நாம இன்னாத்துக்குடா?” என்றார். வளர்ச்சிப் பொருளாதாரம் பற்றிப் பிற்பாடு நான் படித்த தடித்தடிப் புத்தகங்கள் எதிலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியிருக்கவில்லை.

அந்த ரவையில் கிண்டிய உப்புமாவில் கடுகு கிடையாது, வெங்காயம் கிடையாது. மஞ்சளாக, பெரிய பெரிய குருணையாக, யாரோ தூரதேசத்தார் வீட்டு வாசனை அடிக்கும். அலுமினியத் தட்டில் விழும்போது ‘சொத்’ என்று ஒரு சத்தம். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் உப்புமாவைப் பார்த்தாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கும். மட்டமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லையென்றால் நான் மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போயிருப்பேன். என் பென்ஷனில் அந்த ரவைக்கு ஒரு பங்கு உண்டு.

ஒரே ஒரு சாமானை மட்டும் அமெரிக்கா அனுப்பவில்லை. உப்பு. அதற்கான காசு வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிடும். சமையல் ஆயா வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, “இந்த வாரம் உப்பு யாரு முறை?” என்று குரல் கொடுப்பார். மரக்காணத்திலிருந்து சைக்கிளில் மூட்டை வைத்து ஒருவர் கல்லுப்பு விற்றுக்கொண்டு வருவார். அம்மா கேழ்வரகு கொடுத்து உப்பு வாங்கிக்கொள்வாள். என் முறை வரும்போது கொட்டாங்கச்சி நிறைய உப்பை நான் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு போவேன். போய்ச் சேர்வதற்குள் பை ஈரமாகி, இடுப்பு வரைக்கும் உப்புநீர் இறங்கி அரிக்கும். உலகத்தின் பெரிய வல்லரசுக்கும் பிரம்மதேசம் தொடக்கப்பள்ளிக்கும் நடந்த கூட்டு வியாபாரத்தில் எங்கள் முதலீடு அது. இப்போதென்றால் ‘மக்கள் பங்களிப்பு’ என்று போர்டு வைத்திருப்பார்கள்.

நாங்கள் தட்டு ஏந்திய அதே ஆண்டுகளில்தான் தேசமும் ஏந்திக்கொண்டிருந்தது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னார். எங்கள் தெருவில் அதைக் கேட்டுச் சிரித்தார்களாம். விடுவதற்கு முதலில் அந்தச் சாப்பாடு இருக்க வேண்டுமே. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு மழை பொய்த்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் ஒவ்வொன்றாக எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அவமானத்தில் இருந்துதான் நம்மூர்க்காரர் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கினார். அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பசுமைப் புரட்சியின் பாவ புண்ணியக் கணக்கை வேறொரு நாள் பார்க்கலாம். கை ஏந்துவது நின்றது, அது உண்மை.

தேசம் சொந்தக் காலில் நிற்க ஆரம்பித்தபோது எங்கள் ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால், சொந்தக் கையை மடக்கிக்கொண்டிருந்தது.

அப்போதெல்லாம் சித்திரை மாதம் ஏரி வேலை நடக்கும். தண்டோரா போட்டதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். போகாத வீட்டுக்கு அபராதம். அது கோயில் விளக்கெண்ணெய்க் கணக்கில் சேரும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரன் 1858இல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டிருக்கிறான். பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. கரையில் குடை பிடித்து நின்று வேலை வாங்கியவர்கள் யார், சேற்றில் இறங்கியவர்கள் யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மதகு ஒழுகினால் மறுநாள் காலை அடைபட்டிருக்கும். அது மட்டும் நிஜம்.

பிறகு அந்தப் பழக்கம் போயிற்று. போய்ப் பல வருஷம் கழித்து, 2017இல், அரசாங்கம் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடிகள் செய்த மராமத்தை மறந்துபோன குடிகளுக்காக அரசு செய்யும் மராமத்து! அதற்கு முன்பே 1997இல் கலைஞர் ஆட்சியில் ‘நமக்கு நாமே’ வந்தது. ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 2011இல் ஆட்சி மாறியதும் அது ‘தன்னிறைவுத் திட்டம்’ ஆனது. 2021இல் ஆட்சி மாறியதும் மறுபடி ‘நமக்கு நாமே’ ஆனது. தன்னிறைவுகூட எந்தக் கட்சியின் தன்னிறைவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மனுவில் எழுத வேண்டும். தேதியைக் கவனிக்காமல் பழைய பெயரைப் போட்டு எழுதிவிட்டால் தன்னிறைவு தள்ளுபடியாகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1982இல், கடலூரில். எங்கள் பக்கமெல்லாம் அப்போது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் பிரிந்தது 1993இல். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மேசையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு கொடுத்திருந்தார்கள்: ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’. முப்பது சொச்சம் வருஷம் அதைக் குத்தினேன். எங்கே அனுப்பினேன், அங்கே என்ன ஆனது என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை. கேட்டால் இன்னொரு கோப்பு திறக்க வேண்டிவரும்.

அந்த மேசையில் உட்கார்ந்து நான் கற்றது ஒன்று உண்டு. உதவியின் அளவைவிட அதன் பெயர் வேகமாக மாறும். என் சின்ன வயதில் ‘தர்மம்’, ‘உபயம்’. கப்பலில் வந்தபோது ‘நன்கொடை’. நான் வேலைக்குச் சேர்ந்த 1982ஆம் வருஷம் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் ‘சத்துணவு’ ஆக்கினார். கேர் மூட்டையின் இடத்தில் நம்மூர்ச் சோறு வந்தது. தட்டு விழும் சத்தமே மாறிப்போனது. 2006இல் ‘இலவச’ கலர் டிவி. 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தபோது ‘இலவசம்’ என்ற சொல் கௌரவக்குறைவாகப் பட்டதோ என்னவோ, ‘விலையில்லா’ ஆயிற்று. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தபோது ‘உரிமைத் தொகை’. தர்மத்தில் புறப்பட்டு உரிமையில் வந்து நிற்க ஓர் ஆயுள் ஆகியிருக்கிறது. கேலி செய்யவில்லை. இந்த வரிசையில் கடைசிச் சொல்தான் மரியாதையான சொல். என் தங்கைக்கு அந்த ஆயிரம் வருகிறது. மகனிடம் மாத்திரைக் காசுக்குக் கை நீட்டுவதில்லை. ஆனால் உரிமை என்று பெயர் வைத்த பிறகும் அதற்கு மனுப் போட வேண்டியிருக்கிறது, விடுபட்டவர்கள் மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கிறது, கைரேகை விழாத கிழவிகள் எண்ணெயைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் என் பழைய ஸ்டாம்பின் வாசனை அடிக்கிறது.

போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மழை நின்ற சமயம், ஏரி நிறைந்திருந்தது. மதகின் திருகு உடைந்து தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது. நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். “தாத்தா, கொல்லுப்பட்டறையில ராடு அடிச்சு மாட்டிடலாம், அரை நாள் வேலை” என்றார்கள். நான்தான் தடுத்தேன். அது அரசுச் சொத்து, கை வைத்தால் கேள்வி வரும், ஆடிட்டில் மாட்டும், முறைப்படி மனுக் கொடுங்கள் என்று நானே எழுதியும் கொடுத்தேன். அழகான மனு, பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். ஆள் வந்து திருகு மாட்டப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் தண்ணீர் என் வீட்டுப் பின்னால் இருக்கும் ஓடை வழியாகத்தான் போனது. இரவெல்லாம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊராட்சி என்ன செய்தது என்று கேட்பீர்கள். அதைக் கேட்கும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. எங்கள் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சியின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து வருஷம், ஒரு முழுப் பதவிக்காலம், தலைவரே இல்லாமல் தனி அலுவலர்கள் கையெழுத்தில் ஊர் ஓடியது. பிரமதேயச் சபைகள் எப்படி நடந்தன என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது: ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்து வாரியம் அமைத்தார்கள், ஏரிக்கென்றே தனி வாரியம் உண்டு, கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் அடுத்த முறை பேர் கொடுக்க முடியாது. அதிலும் நிலம் உள்ளவனுக்கும் வேதம் படித்தவனுக்கும்தான் இடம், எங்கள் பாட்டனுக்கு இல்லை. எங்களுக்கும் இடம் கிடைத்தது 1990களின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகுதான். கிடைத்த இடத்தை ஐந்து வருஷம் பூட்டி வைத்தார்கள். அதில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று ஊரில் பலர் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இனி கடற்கரைக்குப் போவோம். சுனாமி வந்த 2004 டிசம்பரில் மரக்காணம் பக்கத்துக் குப்பங்களுக்கு அரிசி மூட்டையோடு போன கூட்டத்தில் நானும் இருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் பழைய துணி. லாரி லாரியாக வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு குவியலில் கம்பளி ஸ்வெட்டர்கள். ஒரு பெரியவர் அதில் ஒன்றைக் குச்சியால் தூக்கிக் காட்டி, “அலைக்கு அப்புறம் பனி பெய்யும்னு உங்க ரேடியோவுல எதுனா சொன்னாங்களா?” என்றார். வீட்டில் இரண்டு சாவு விழுந்தவர் அவர். நான் பதில் சொல்லவில்லை.

அதே வாரம் மன்மோகன் சிங் அரசு வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவி வேண்டாம், எங்களால் முடியும் என்று சொன்னது. சொன்னதோடு நிற்காமல் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பலில் உதவி அனுப்பியது. பேப்பரில் படித்தபோது எனக்கு உடனே தம்பியின் கால்சட்டைதான் ஞாபகம் வந்தது. அவனும் அப்படித்தான், ஒரே நாளில் கழற்றிப் போட்டான். மறுசீரமைப்புக்கு உலக வங்கியிடம் கடன் வாங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். கடன் வேறு, தர்மம் வேறு. அடகுக்கடைக்குப் போவதை எங்கள் ஊரில் யாரும் பிச்சை என்று சொல்வதில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து அந்தக் கால்சட்டை முழுவட்டம் சுற்றி வந்தது. 2022இல் இலங்கை திவாலாகி, பெட்ரோலுக்கும் பால் மாவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். டில்லி சுமார் நானூறு கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியுமாகக் கொடுத்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு 123 கோடி ரூபாயில் 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் என்று அறிவித்து, மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. டிவியில் மூட்டைகளைக் காட்டினார்கள். ‘தமிழ்நாட்டு மக்களிடமிருந்து அன்புடன்’ என்று அச்சடித்திருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கும் வயது அறுபதாகிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்தத் துணியில கால்சட்டை தைக்க முடியாதுண்ணே, எல்லாம் பிளாஸ்டிக் கோணி” என்றான்.

கைகுலுக்கல் சின்னத்தை உலகமெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்க உதவி அமைப்பையே 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். என் தலையணை உறை அதற்கு ரொம்ப முன்னாலேயே கிழிந்துவிட்டது.

சரி, எங்கள் ஊர் மட்டும் போட்ட முதலீடு, அந்த உப்பு, என்ன ஆனது? 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி அள்ளியது அதைத்தான். 1947இல் உப்பு வரி போயிற்று. அந்த வருஷம் இந்தியா உப்பைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. 1953க்குள் நமக்கு வேண்டியதை நாமே எடுத்தோம். கோதுமைக்கு முன்பே, பாலுக்கு முன்பே தன்னிறைவு கண்டது உப்பில்தான். யாரும் அதைப் புரட்சி என்று சொல்லவில்லை, விருது தரவில்லை. இன்று உலகத்தில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம்தான். குஜராத் முதல், தமிழ்நாடு அடுத்தது. மத்திய அரசின் உப்பு ஆணையர் ஜெய்ப்பூரில் இருக்கிறார். கடலே இல்லாத ஊரில் கடல் உப்புக்கு மேலதிகாரி. கேட்டால் அங்கே சாம்பார் ஏரி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும்.

என் சித்தி மகளை மரக்காணத்தில் கொடுத்திருக்கிறது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் இருந்தவர். இருட்டோடு போய் விடிவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் பாத்தியில் கண் கூசும். பாத்தியில் உப்பு விளைந்ததும் பலகையால் வாரி வரப்பில் சேர்ப்பது, கூடையில் சுமந்து அம்பாரம் போடுவது, மழைக்கு முன் கீற்று மூடுவது. தை தாண்டித் தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் ஏரி. அதன்பின் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இந்த மூன்று மாதத்துக்காக 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம். எழுபத்தைந்து வருஷத் தாமதம் என்றாலும் நல்ல காரியம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து உப்பளம் எது, கழுவேலிச் சதுப்பு எது, சாலை எது என்று தெரியவில்லை. முதலமைச்சரே மரக்காணம் வந்து பார்த்தார். விழுப்புரம் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். பக்கத்தில் புதுச்சேரியில் அட்டைக்கு 5,000 ரூபாய். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், புதுச்சேரி எல்லை நேர்கோடாகப் போகாது. ஒரு தெரு இங்கே, அடுத்த தெரு அங்கே என்று பின்னிக்கொண்டு போகும். ஒரே புயல், ஒரே காற்று, ஒரே கூரை. இடையில் ஒரு கல். அதற்கு அந்தப் பக்கம் விழுந்த ஓட்டுக்கு மூவாயிரம் ரூபாய் மதிப்புக் கூடுதல்.

அந்த மழைக்குப் பிறகு ஒருநாள் அக்கா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். நிவாரண மனு எழுத வேண்டுமாம். ஓய்வுபெற்ற பிறகு நான் திண்ணையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சும்மா மனு எழுதிக் கொடுக்கிறேன். ஸ்டாம்புக்குச் செய்யும் பிராயச்சித்தம் என்று மனைவி சொல்வாள். ஆதார் இருக்கிறதா, ரேஷன் அட்டை இருக்கிறதா, பாங்கு பாஸ்புக் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. உப்பளத்தில் வேலை செய்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்றேன்.

“அத்தாட்சின்னா?”

“கூலி வாங்கின சீட்டு, கையெழுத்து, ஏதாவது.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் திண்ணையில் வைத்தார். இரண்டு கிலோ கல்லுப்பு. “இது எனக்கு வந்த பங்கு தம்பி. உனக்குன்னுதான் எடுத்தாந்தேன். இத வேணா வெச்சு அனுப்பேன்” என்றார்.

என் பதவிக்காலம் முழுக்க எந்த மனுவோடும் இப்படி ஓர் இணைப்பு வந்ததில்லை. அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில் அத்தாட்சி தேடி, இரண்டு பஸ் மாறி, மூன்று கையெழுத்து வாங்கினோம். பணம் வந்தது, தாமதமாக. உப்பை வீட்டில் வைத்துக்கொண்டேன். மருமகள் அதைத் தொடவில்லை. அயோடின் இல்லாததைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது, குழந்தைக்கு வேண்டும் என்கிறாள். அவள் சொல்வது சரிதான். எங்கள் ஊர்க் கடையில் தொங்கும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் குஜராத் முகவரி இருக்கிறது. மரக்காணத்துக்கும் அதே பாக்கெட்தான் போகிறது. அக்கா வீட்டிலும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

நான் பி.யு.சி.யில் தமிழ் படித்தபோது சிறுபாணாற்றுப்படை பாடமாக இருந்தது. எங்கள் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது; மொத்தம் 269 அடி. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பரிசு வாங்கிய பாணன், வாங்காத பாணனைப் பார்த்து, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும் என்று வழி சொல்லி அனுப்புகிறான். அதில் ஓர் இடம் உண்டு. பசி தாங்காத பாணன் வீட்டில் குப்பைக் கீரையைப் பறித்து வேகவைக்கிறார்கள். போடுவதற்கு உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறார்கள். உப்பு விளையும் நாட்டு ராஜாவைப் பாடிய பாட்டில் உப்பில்லாத கீரை! படிக்கும்போது பரீட்சைக்கு வரும் கேள்வி என்று அடிக்கோடிட்டேன். இப்போது திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதும்போது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. நான் செய்வதும் அதே பாணன் வேலைதான். இ-சேவை மையத்தில் இன்னாரைப் பார், இன்ன நகல் எடு, திங்கட்கிழமை குறைதீர் நாள், வரிசையில் முன்னால் நில். இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கடற்கரையில் வழி சொல்கிறவன் வேலை மட்டும் காலி விழுந்ததே இல்லை.

கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ரவை தின்று வளர்ந்தவன். மூன்று மாதம் வேலை இருக்காது என்று வானிலைக்குத் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். அறுபத்தெட்டு வயதுக்காரியைக் கேட்க வைக்காமல் கொடுத்தால் என்ன என்றுதான் கேட்கிறேன். ஒருமுறை பெயர் எழுதிய பிறகு ஐப்பசி முதல் தேதி தானாகப் போய் விழ வேண்டிய பணம் அது. பென்ஷன் எனக்கு அப்படித்தான் விழுகிறது. மதகுத் திருகுக்கு ஊரே செலவு செய்துகொள்ள ஒரு சின்னத் தொகையும், செய்த பிறகு கணக்குக் காட்டினால் போதும் என்ற ஒரு வரியும் வேண்டும். இதையும் மனுவாக எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘உரிய நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. ஸ்டாம்பு மாறவில்லை, மை மட்டும் நீலமாகியிருக்கிறது.

இந்த வருஷ மழைக்கால நிவாரணத்துக்கு மனு எழுத வருகிறவர்கள் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் மூன்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓடிபி வரும் போனை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் சர்வர் வேலை செய்யும். உப்பு கொண்டுவர வேண்டாம், அக்கா கொடுத்ததே இன்னும் இருக்கிறது.